மோர் வள்ளல்

காசி இறந்த மறுநாள் காலை, அடி அண்ணாமலை பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரிய பேனரைக் கட்டினார்கள். அதில் காசியின் படம் ஒரு மூலையில், அடையாள அட்டையில் இருப்பதுபோலச் சின்னதாக இருந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு வேறொருவர் கைகூப்பி நின்றார். அவர் ராஜமாணிக்கம். கீழ்பென்னாத்தூரில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை வைத்திருப்பவர், உள்ளூரில் எந்த விசேஷத்திலும் முதல் நாற்காலியில் உட்காருகிறவர். ‘எங்கள் அன்புச் சமையல்காரர் பல்லி காசி மறைவுக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காசி என்பதைவிடப் பல்லி என்பது இன்னும் கொஞ்சம் பெரிதாக, சிவப்பில்.

காசியின் மகள் மதிவதனி துக்கத்துக்கு வந்தவர்களுக்காகப் பால் வாங்கிக்கொண்டு வந்தவள், அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பிறகு பால் பாக்கெட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, பேனரைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். பின்னாலேயே வந்த அவள் பெரியப்பா அப்பாதுரைதான் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடும்மா. எழவு வூட்ல இன்னாத்துக்கு வம்பு? பல்லின்னு போடலைன்னா செத்தது யாருன்னே பாதிப் பேருக்குத் தெரியாது.”

“அந்தப் பேரை வெச்சது யாரு பெரியப்பா?”

அப்பாதுரை பால் பாக்கெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவருக்குத் தெரியும். அந்த ஊரில் நிறையப் பேருக்குத் தெரியும்.

மதிவதனி பேனரை அண்ணாந்து பார்த்தாள். கைகூப்பி நின்ற ராஜமாணிக்கத்தின் முகத்தில் துக்கம் ஏதுமில்லை. ஏதோ கல்யாணத்தில் எடுத்த படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். நெற்றியில் சந்தனம்கூட அப்படியே இருந்தது. இந்த ஆளையும் ஒரு பெயரால்தான் அடிக்க வேண்டும் என்று அந்த இடத்தில் நின்றுகொண்டே அவள் முடிவு செய்தாள்.

அவள் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது அது. ராஜமாணிக்கம் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் கொட்டகை போட்டு அன்னதானம் செய்வார். சமையல் காசியுடையது. காசி வைக்கும் சாம்பாருக்காகவே இரண்டாவது சுற்று வருகிறோம் என்று வெளியூர்க்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்தப் பௌர்ணமியில் கூட்டம் ஜாஸ்தி. மோர் கரைக்கப் பாத்திரம் போதவில்லை. ராஜமாணிக்கம் தன் கடையிலிருந்து ஒரு நீல டிரம்மை வேனில் ஏற்றி வரச் சொன்னார். மூடியைத் திறந்ததுமே காசிக்கு மூக்கில் ஏறியது.

“ஐயா, இது மருந்து வந்த டிரம்மாச்சே. வாசனை அடிக்குதுங்க. வேணாங்க.”

“சோப்புத் தூளு போட்டுக் கழுவித்தான்டா எடுத்தாந்திருக்கு. ஜனம் வெயில்ல நிக்குது பாரு. ஊத்து.”

காசி ஊற்ற மாட்டேன் என்று நகர்ந்துகொண்டார். ராஜமாணிக்கம் உதவிக்கு இருந்த ஆதிலட்சுமியைக் கூப்பிட்டு ஊற்றச் சொன்னார். அவள் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் பந்தலைச் சுற்றி ஆட்கள் வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். வாயில் எச்சில் வழிய, கண் சொருகி, பாதையோரமாகவே சாய்ந்தார்கள். ஆம்புலன்ஸ்கள் வந்தன. உயிர்ச்சேதம் இல்லை என்பது அண்ணாமலையார் புண்ணியம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

போலீஸ் வருவதற்குள் டிரம் வேனில் ஏறிப் போய்விட்டது. வந்தவர்களிடம் ராஜமாணிக்கம் சொன்னார்: “சாம்பார்ல பல்லி வுழுந்துடுச்சு சார். சமையக்காரன் பாக்காம வுட்டுட்டான்.”

காசி பேசிப் பார்த்தார். சாம்பார் சாதம் தின்றுவிட்டு மோர் குடிக்காமல் போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் அதே அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சாம்பாரை எடுத்துச் சோற்றில் ஊற்றி, போலீஸ்காரர்கள் முன்னால் நின்று சாப்பிட்டார். அவருக்கு எதுவும் ஆகவில்லை. அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

எழுதிக்கொண்டது வேறு. ஸ்டேஷனில் முதல் தகவல் அறிக்கை எழுதியவர், வேறு பெயர் ஏதாவது உண்டா என்று கேட்டார். காசிக்கு அதுவரை வேறு பெயர் கிடையாது. பக்கத்தில் நின்ற ராஜமாணிக்கம், “இனிமே பல்லி காசிதான் சார்” என்று சொல்லிச் சிரித்தார். எழுதியவரும் சிரித்தார். சிரித்தபடியே ‘காசி (எ) பல்லி காசி’ என்று எழுதிவிட்டார். மறுநாள் நாளிதழில் அதைப் பார்த்து அப்படியே போட்டார்கள். ‘அன்னதான சாம்பாரில் பல்லி: சமையல்காரர் பல்லி காசி கைது.’ ஏதோ பிறந்ததிலிருந்தே அவருக்கு அந்தப் பெயர் இருந்ததுபோல.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் எங்கெங்கோ முளைத்தது. மதிவதனியின் வகுப்பில் பெஞ்சின் மேல் காம்பஸ் முனையால் ‘பல்லி’ என்று செதுக்கி வாலும் வரைந்து வைத்தார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தபோது உறைமேல் ‘பல்லி காசி குடும்பத்தார்’ என்று மஞ்சள் தடவிய கையால் எழுதியிருந்தார்கள். கேலிக்காக எழுதவில்லை. அந்த ஊரில் மூன்று காசி இருந்தார்கள், அவ்வளவுதான். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புக்குப் பெயர் காட்டுகிற செல்போன் செயலியிலும் அவர் எண்ணுக்கு நேராக அதுதான் வந்தது. மதிவதனிக்கு ஒரு வரன் கூடிவந்து, பூ வைக்கிற நாளும் குறித்த பிறகு, மாப்பிள்ளை வீட்டார் விசாரித்துவிட்டு ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ‘பல்லி காசி மகள் என்று முன்பே சொல்லியிருக்கலாம்.’

வழக்கு கோர்ட்டில் நிற்கவில்லை. ஆனால் காசியைச் சமைக்க யாரும் கூப்பிடவுமில்லை. குடும்பத்தோடு டவுனில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார். ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விடுதியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அங்கேயும் யாரோ அந்தப் பெயரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண், விடுதியைப் பற்றி இணையத்தில் எழுதும்போது, ‘பல்லிஜி தங்கமான மனிதர்’ என்று எழுதினாள். மதிவதனி அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். அவர் சிரித்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இப்போது பேனரில் சிவப்பு எழுத்தில் அதே பெயர். அடக்கத்துக்காகச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து, பெரியப்பா வீட்டிலிருந்து அவரை எடுத்துக்கொண்டு போன ஊர்வலம் அந்தப் பேனருக்குக் கீழேதான் போயிற்று.

மதிவதனி செங்கம் ரோட்டில் சக்திவேல் நடத்திய பிளெக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, பிறந்தநாள், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கையிலிருந்துதான் போகும். யார் படம் எவ்வளவு பெரிதாக, யார் பெயருக்கு முன்னால் என்ன பட்டம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சேவைச் செம்மல், ஏழைகளின் தோழன், தன்மானச் சிங்கம் என்று ஒரு நாளைக்கு நாலு சிங்கங்களாவது அவள் கம்ப்யூட்டரில் வந்து போகும்.

அப்பா இறந்து சில மாதங்கள் ஆன பிறகு, மாசி மாதத்தில் ஒரு நாள் அருள்ராஜ் கடைக்கு வந்தான். ராஜமாணிக்கத்தின் மகன். சின்ன வயதிலிருந்தே ஹாஸ்டல், பிறகு பெங்களூரில் வேலை. உள்ளாட்சித் தேர்தல் எப்போது வேண்டுமானாலும் வரும் என்ற பேச்சு கிளம்பியதும், அப்பாவை ஊராட்சித் தலைவராக்க லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். மதிவதனியை அவனுக்குத் தெரியாது. அவன் அப்பா பெயரைச் சொன்னதுமே அவள் மவுஸை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“சிஸ்டர், எங்கப்பா பேருக்கு முன்னாடி ஒரு பட்டம் போடணும். செம்மல், சிங்கம்லாம் வேணாம். யாருக்கும் இல்லாத மாதிரி புதுசா.”

“உங்கப்பா ஊருக்கு என்னென்ன செய்வாரு சார்?”

“பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதானம். சாம்பார் சாதம், எலுமிச்ச சாதம், கேசரி எல்லாம் போடுவாரு. மோர் மட்டும் போட மாட்டாரு. ஏன்னு கேட்டா எரிஞ்சு வுழுவாரு. ஊரு பூரா கோடைக்கு மோர்ப் பந்தல் போடறாங்க, நம்ம மட்டும் போடலைன்னா எப்படி? இந்த வருஷம் நான் போடப் போறேன். சித்ரா பௌர்ணமிக்குப் பெருசா.”

மதிவதனி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருடங்களாக மோர் போடவில்லை. அப்படியானால் அந்த ஆள் மறக்கவில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நினைத்துக்கொண்டேதான் அப்பாவின் அஞ்சலிப் பேனரில் பல்லி என்று போடச் சொல்லியிருக்கிறார்.

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துத் தட்டினாள். திரையில் தங்க நிறத்தில் எழுத்துகள் வந்தன. ‘மோர் வள்ளல்.’

அருள்ராஜ் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தான். “அட, செம! யாரும் வெச்சதில்ல. பார்த்த உடனே கேப்பாங்க இல்ல, ஏன் மோர் வள்ளல்னு?”

“அதுதான் சார் வேணும். கேக்கணும்.”

அவள் கணக்கு எளிமையானது. பட்டப்பெயரைப் புதிதாகக் கேட்கிறவர் ஏன் என்று கேட்காமல் விடமாட்டார். அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் சாம்பாரும் பல்லியும் பதிலாகக் கிடைத்தன. ராஜமாணிக்கத்தைப் பற்றிக் கேட்டால் என்ன கிடைக்கும்? டிரம்மைப் பார்த்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்த மோரைக் குடித்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம், யாரும் அவர்களைக் கேட்கவில்லை என்பதுதான். இனி கேட்பார்கள். ராஜமாணிக்கம் இந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. சொன்னால் மகனே ஏன் என்று கேட்பான்.

அவள் நினைத்ததைவிட வேகமாகப் பெயர் பரவியது. முதலில் பேனர். பிறகு துண்டறிக்கை. பாக்கெட் காலண்டர். ஊர்க் கோயில் டியூப்லைட்டில், வெளிச்சத்தைப் பாதி மறைத்துக்கொண்டு ‘உபயம்: மோர் வள்ளல்’. யாரோ வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையில் முன்னிலை வகிப்பவர் மோர் வள்ளல். உள்ளூர் நிருபர் அனுப்பிய செய்தியிலும் ‘மோர் வள்ளல் என்று பொதுமக்களால் அன்போடு அழைக்கப்படும்’ என்று வந்தது. பொதுமக்கள் அப்போதுதான் அதை அழைக்கவே ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் வரும்போது மதிவதனி பார்த்துவிட்டு அடுத்த வேலையைத் திறப்பாள்.

அடுத்த முறை அருள்ராஜ் வந்தபோது முகம் வாடியிருந்தது.

“எங்கப்பாவுக்கு அந்தப் பேரு புடிக்கல சிஸ்டர். எடுத்துடுன்றாரு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாரு. டியூப்லைட்டைப் பார்த்துட்டு நேத்து கைல இருந்த டம்ளரைத் தூக்கிப் போட்டுட்டாரு.”

“வயசானவங்களுக்குக் கூச்சமா இருக்கும் சார். நல்ல பேரு கெடச்சிருக்கு, வுடலாமா? கல்லுல வெச்சுட்டீங்கன்னா அப்புறம் பழகிடும்.”

அவனுக்கு அது பிடித்துப்போனது. பேருந்து நிறுத்தத்தில் ராஜமாணிக்கம் செலவில் நிழற்குடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் கருங்கல் பலகை வைக்க வேண்டியிருந்தது. கல்வெட்டுக்கான எழுத்தை மதிவதனிதான் அமைத்துக் கொடுத்தாள். அன்று அவள் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. எந்த எழுத்தும் தேயாதபடி, தூரத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் படிக்கும்படி, தடித்த எழுத்தாகத் தேர்ந்தெடுத்து அமைத்தாள்.

சக்திவேல் பின்னால் வந்து நின்று பார்த்தார். “இன்னா மதி, ஒரு கல்லுக்கு இவ்ளோ நேரம்?”

“இது நிக்கணும்ணா.”

கல் பதித்த அடுத்த வாரம் ஆதிலட்சுமி உடைந்தாள். அன்று டிரம்மில் மோர் ஊற்றியவள். இப்போது நிழற்குடைக்கு எதிரில் வேகவைத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள். காலையில் கூடையை இறக்கினால் மாலை வரை அவள் கண்ணுக்கு நேராக அந்தக் கல். படிக்கத் தெரியாது. ஆனால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லோரும் அதை வாய்விட்டுப் படித்தார்கள். ஒரு நாள் யாரோ வெளியூர்க்காரர், “இன்னாம்மா, மோர் வள்ளலா? அவ்ளோ மோர் ஊத்தினாரா?” என்று அவளிடமே கேட்டுவிட்டார்.

“அவரு ஊத்தல, நான்தான் ஊத்தினேன்” என்றாள் ஆதிலட்சுமி. அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. “பூச்சிமருந்து டிரம்முல ஊத்தினேன். காசி அண்ணன் வேணாம் வேணாம்னு கத்துச்சு. இந்தாளு ஊத்துடின்னான், ஊத்தினேன். ஜனம் சுருண்டு சுருண்டு வுழுந்துச்சு. பல்லியுமில்ல, ஓணானுமில்ல. வாயத் தொறந்தா உன்னையும் உள்ள வெச்சிடுவாங்கன்னான். என் புள்ளைக்குக் கடைல வேலை குடுத்தான். நானும் மூடிக்கினு இருந்துட்டேன். ஒரு நல்ல மனுஷன் பேர நாறடிச்சுட்டு இன்னிக்கு வள்ளலாம் வள்ளல்!”

பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் செல்போனில் எடுத்தும்விட்டார். மாலைக்குள் அது ஊரின் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போயிற்று. அன்று மோர் குடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கும் அந்த வாசனை அடித்தது என்றார்கள். ஊர்ச் சுவரில் மோர் வள்ளல் என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் பக்கத்தில் கரியால் ஒரு டிரம் படம் முளைத்தது. பெயரும் சுருங்கி டிரம் மோர் ஆனது. ராஜமாணிக்கத்தின் கடைக்கு மருந்து வாங்கப் போன விவசாயிகள்கூட, “டிரம் மோர் கடைக்குப் போய்ட்டு வரேன்” என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

மதிவதனியின் அம்மா பாஞ்சாலை பயந்துபோனாள். “வேணாண்டி. அவன் பெரிய ஆளு. வுட்டுடு.”

“நான் ஒண்ணும் பண்ணலம்மா. பேருதான் வெச்சேன். மத்ததெல்லாம் ஊரு பேசுது.”

ராஜமாணிக்கம் கடைக்கே வந்தார். சித்ரா பௌர்ணமிக்கு முந்தைய வாரம். காரை ரோட்டில் நிறுத்திவிட்டுத் தனியாகத்தான் வந்தார். பேனரில் இருந்த ஆளைவிட ரொம்ப வற்றிப்போயிருந்தார். உள்ளே வந்ததும் மதிவதனியை அடையாளம் கண்டுகொண்டார்.

“காசி பொண்ணுதானே நீ?”

“ஆமாங்க. பல்லி காசி பொண்ணு. உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. சக்திவேல் நிலைமையைப் புரிந்துகொண்டு டீ சொல்லிவிட்டு வருவதாக வெளியே போனார்.

“என் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அவன் கைய வெச்சே என் கண்ணக் குத்திட்ட.”

“எனக்கும் அப்போ ஒண்ணும் தெரியாதுங்க. பெஞ்சுல பல்லி வரைஞ்சு வெச்சாங்க. எங்கப்பா பேர உங்க வாயால சொல்லித்தான் ஸ்டேஷன்ல எழுதினாங்க.”

ராஜமாணிக்கம் சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் பேனர்களைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார்.

“இன்னா வேணும் உனக்கு? உங்கப்பன் பேர்ல அன்னதானம் போடறேன். அவன் படத்தைப் பெருசா வெக்கறேன். எந்தப் பேரும் வேணாம், வெறும் காசின்னு போடறேன். அந்தப் பொம்பள பேசினது பொய்யின்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு. காசி பொண்ணே சொல்லிட்டா ஊரு அடங்கிடும்.”

மதிவதனிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அவள் அடக்கிக்கொண்டாள்.

“எங்கப்பா படம் இப்போ எதுக்குங்க பெருசா? அவரு உயிரோட இருந்தப்போ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. பல்லி இல்லைன்னு ஒரு வார்த்தை. ஒரு கல்யாண வூட்ல அவரைச் சமைக்க வுட்டிருப்பாங்க. எங்கப்பா சாகிற வரைக்கும் விடுதி கேட்டுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கினு இருந்தாரு. அவரு கை சும்மா இருக்காது. ராத்திரி வந்து எங்களுக்காவது சாம்பார் வெப்பாரு. வெச்சுட்டு, நாங்க சாப்பிடறதுக்கு முன்னாடி அவரே ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுவாரு. பெத்த பொண்ணுக்கும் கட்டின பொண்டாட்டிக்கும் முன்னாடி! அது உங்களுக்குத் தெரியுமா?”

ராஜமாணிக்கம் அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“பௌர்ணமிக்குப் பந்தல்ல மைக் கட்டுவீங்க இல்ல? அதுல சொல்லுங்க. நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க.”

“சொன்னா வுட்டுடுவியா?”

“மொதல்ல சொல்லுங்க.”

சித்ரா பௌர்ணமி அன்று கிரிவலப் பாதை காலையிலிருந்தே நிரம்பத் தொடங்கியது. வெயில் சுட்டெரித்தது. நிழற்குடைக்குப் பக்கத்தில் அருள்ராஜ் போட்ட மோர்ப் பந்தல். பளபளக்கும் எவர்சில்வர் அண்டாக்கள் வரிசையாக இருந்தன. வெளியூர்க்காரர்கள் வந்து குடித்துவிட்டுப் போனார்கள். உள்ளூர்க்காரர்களும் வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் டம்ளரை வாங்கும்போது அண்டாவை எட்டிப் பார்த்து, “இன்னா, டிரம்மு வரலியா?” என்று கேட்டார்கள். அதைக் கேட்ட வெளியூர்க்காரர்கள் என்ன விஷயம் என்று விசாரித்தார்கள். விசாரித்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். மதியத்துக்குள் பந்தலில் வரிசையே இல்லை. ராஜமாணிக்கம் முதல் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதிவதனி ஆதிலட்சுமியின் கூடைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் ராஜமாணிக்கம் எழுந்தார். அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

“எல்லாருக்கும் வணக்கம். முன்ன ஒரு பௌர்ணமில இங்க நடந்த அன்னதானத்துல... அசம்பாவிதம் நடந்துச்சு. அதுல சமையக்காரர் காசி மேல ஒரு தப்பும் இல்ல. அதைச் சொல்லிக்கிறேன்.”

மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து மதிவதனி கத்தினாள்.

“அப்போ யாரு மேல தப்பு?”

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ராஜமாணிக்கம் மகனைப் பார்த்தார். அருள்ராஜின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவனும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லுங்கப்பா” என்றான் அவன்.

“என் மேலதான்” என்றார் ராஜமாணிக்கம். “மருந்து டிரம்முன்னு காசி சொன்னான். நான்தான் ஊத்தச் சொன்னேன். சாம்பார்ல பல்லி வுழல. நான் சொன்ன பொய் அது.”

ஒலிபெருக்கி கரகரத்தது. யாரும் கை தட்டவில்லை, திட்டவுமில்லை. கூட்டம் மறுபடி நகரத் தொடங்கியது. அருள்ராஜ் கரண்டியை அண்டாவில் போட்டுவிட்டு, இறங்கிக் காரை நோக்கி நடந்தான். அப்பா கூப்பிட்டும் திரும்பவில்லை.

ராஜமாணிக்கம் ரோட்டைக் கடந்து மதிவதனியிடம் வந்தார். சட்டை முழுக்க வேர்வை.

“சொல்லிட்டேம்மா. ஜனத்துக்கு முன்னாடி சொல்லிட்டேன். இனிமே அந்தப் பேர எடுத்துடு.”

மதிவதனி நிழற்குடையைக் காட்டினாள். வெயிலில் கருங்கல் மின்னியது.

“பேப்பர்ல இருந்தா கிழிக்கலாங்க. செல்லுல இருந்தா அழிக்கலாம். அது கல்லு. நான் எப்படி எடுக்கறது?”

“உடைச்சுடறேன்.”

“உடைங்க. ஏன் உடைச்சாருன்னு கேப்பாங்க.”

அவர் நின்றுகொண்டிருந்தார். அவள் ஆதிலட்சுமியிடம் ஒரு பொட்டலம் கடலை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். அவர் இன்னும் அங்கேயே நின்றார். அவரைச் சுற்றிக்கொண்டு ஜனம் நடந்தது.

ராஜமாணிக்கம் தேர்தலில் நிற்கும் பேச்சு அத்தோடு போயிற்று. அருள்ராஜ் பெங்களூருக்குத் திரும்பினான். போவதற்கு முன் கடைக்கு ஒரு தடவை வந்தான். மோர்ப் பந்தல் பேனருக்கான பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

சித்ரா பௌர்ணமி அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. பெரியப்பா போன் செய்து, மைக்கில் சொன்னதை வார்த்தை விடாமல் சொல்லியிருந்தார். பாஞ்சாலை அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய்த் தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.

“ஆறிச்சாடி உன் மனசு?”

மதிவதனி சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். ரோட்டில் நின்ற அந்த ஆளின் முகம் கண்ணுக்குள் இருந்தது. அதைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் பஸ் டவுனுக்குள் நுழைவதற்குள்ளேயே தீர்ந்துபோயிருந்தது.

“அந்த மைக் சத்தத்தை அப்பா கேட்டிருக்கணும்மா. போன வருஷம் கேட்டிருந்தாக்கூடப் போதும். இன்னிக்குக் கேட்டதெல்லாம் யார் யாரோ.”

“அப்போ இன்னும் ஆறலையா?”

“இல்லம்மா” என்றாள் அவள். “அந்தாளு இன்னும் நல்லா அழணும்.”

பாஞ்சாலை மகளின் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.